தை மாதத்து எடை

காணும் பொங்கல், இரவு

பொங்கலுக்கு ஊர் திரும்பும் பிள்ளைகள் எங்கள் தர்மபுரிப் பக்கத்தில் உடம்பைப் பற்றி இரண்டு பேச்சைக் கேட்காமல் போவதில்லை. வாசலில் கால் வைக்கும்போதே ஆயா சொல்லிவிடும்: “என்னா கண்ணு, இப்படி எளைச்சுப் போயிட்ட.” கிளம்புகிற நாளில் அந்தப் பிள்ளையே சொல்லிக்கொள்ளும்: “உடம்பு போட்டுட்டேன்.” நடுவில் போனது நாலு நாள்தான்.

இன்று மாலை தங்கை மகள் பெங்களூர் பஸ்ஸுக்குப் புறப்படுமுன் என் அறையிலிருந்த எடை மெஷினில் ஏறினாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். “பெரியம்மா, ரெண்டு கிலோ. நாலு நாள்ல ரெண்டு கிலோ ஏறிட்டேன்.” அவள் அம்மா கட்டிக் கொடுத்திருந்த ஒப்பட்டுப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். உடம்பைப் பற்றி அவள் யோசிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அம்மா கையால் தட்டியதைத் திருப்பி வைக்கும் அளவுக்கு ஒரு எண் அவளைப் பயமுறுத்திவிட்டதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை

கணக்குப் போட்டுப் பார்த்தேன். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால், செலவாவதற்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். இரண்டு கிலோவுக்கு 15,400. நாலு நாளில் என்றால் நாளொன்றுக்கு 3,850. ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலை 350 கலோரி என்று வைத்துக்கொண்டால், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மேல் தினமும் பதினோரு கிண்ணம் அவள் சாப்பிட்டிருக்க வேண்டும்.

அவள் சாப்பிட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல், மொச்சையும் பூசணியும் போட்ட குழம்பு. மாட்டுப் பொங்கலுக்குக் கறி. மறுநாள் பிதுக்கம்பருப்புக் குழம்பு. முந்தின இரவே அவரைக்கொட்டையை ஊறவைத்து, வீட்டுப் பெண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, பேசிக்கொண்டே பிதுக்கியது. இடையிடையே கச்சாயம், நிப்பட்டு, எள்ளுருண்டை. நிறையத்தான் சாப்பிட்டாள். ஆனாலும் பதினோரு கிண்ணம் இல்லை.

அப்படியானால் அந்த இரண்டு கிலோ என்ன? பெரும்பகுதி நீர். மருத்துவமனையில் ஏற்றுகிற சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. இரத்தத்தின் உப்பளவோடு ஒத்துப்போவதற்காக அந்த அளவு. இதையே திருப்பிப் பார்த்தால் விஷயம் விளங்கும். வழக்கத்துக்கு மேல் 9 கிராம் உப்பு உடம்பில் தங்கிவிட்டால், அதற்குத் துணையாக ஒரு லிட்டர் நீரையும் உடம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. கறிக் குழம்பிலும் நிப்பட்டிலும் ஊறுகாயிலும் உப்புக்கா பஞ்சம்?

அடுத்தது அரிசியும் வெல்லமும். மாவுச்சத்தையும் இனிப்பையும் கல்லீரலும் தசைகளும் கிளைகோஜனாகச் சேமித்து வைக்கின்றன. பெரியவர் ஒருவர் உடம்பில் அந்தச் சேமிப்பு முழுக்க நிரம்பினால் அரைக் கிலோ அளவில் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் ஒட்டிக்கொண்டு வரும். பெங்களூரில் விடுதிச் சாப்பாட்டை அரைகுறையாகத் தின்று, சில இரவுகளில் சாப்பிடாமலே தூங்குகிற பெண்ணுக்கு இந்தச் சேமிப்பு பாதி காலியாகக் கிடந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் நிரம்பியது. குடலில் இன்னும் வழியில் இருக்கும் சாப்பாடு வேறு. மாதவிலக்கு நெருங்குகிற நாட்களாக இருந்தால் அதற்கும் சேர்ந்து நீர் கோக்கும்.

வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சிறுநீரகம் தன் வேலையைச் சில நாட்களில் பார்த்துக்கொள்ளும். ஒன்று மட்டும் தனியாக எழுதி வைக்க வேண்டும். இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் எடை சட்டென ஏறி, கால் வீங்கி, மூச்சு வாங்கினால், அது பண்டிகைக் கணக்கில் சேராது. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

அன்று மாலை

காலையில் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும்.

2000-ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஜாக் யானோவ்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை, அவர்கள் ஊரின் பண்டிகைக் காலம் முழுவதும், 195 பேரின் எடையைப் பார்த்துவந்தார்கள். சராசரியாக ஏறியது 0.37 கிலோ. அரைக் கிலோகூட இல்லை. அந்த ஆட்களிடமே கேட்டபோது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஏறிவிட்டதாக நினைத்திருந்தார்கள். ஏறியதைவிட நாலு மடங்கு பயம்.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். அந்தச் சிறு ஏற்றம் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இறங்கவில்லை. அடுத்த ஆண்டுவரை தொடர்ந்து பார்த்தவர்களிடம் ஆண்டு முழுவதற்குமான ஏற்றமே ஏறத்தாழ அரைக் கிலோதான். ஆக, பண்டிகையில் ஏறுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சம் தானாகப் போவதில்லை. வருஷத்துக்கு அரைக் கிலோ என்றால், இருபது வருஷத்தில் பத்துக் கிலோ.

பயப்படவும் காரணமில்லை, கண்ணை மூடிக்கொள்ளவும் வழியில்லை. இந்த இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ளப் பழக வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை

கடகத்தூர்ப் பக்கம் போய்வந்தேன். பொங்கல் முடிந்தும் வெல்ல ஆலைகளில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. கரும்புச் சக்கையையே காயவைத்து அடுப்பில் தள்ளுகிறார்கள். கொப்பரையில் பாகு பொங்கும்போது அழுக்கை வழித்து எடுப்பவருக்கு முகமெல்லாம் ஆவி. பாகு பதத்துக்கு வந்ததும் மர அச்சில் கொட்டிப் பரப்புகிறார்கள். இவ்வளவு வேலைக்குப் பிறகுதான் ஒரு அச்சு வெல்லம்.

இனிப்பை எதிரியாகப் பேசுகிறவர்கள் ஒரு தடவை இந்த வெக்கையில் நின்று பார்க்கலாம். வெல்லம் என்றைக்கும் எளிதாகக் கிடைத்ததில்லை. எங்கள் ஆயா காலத்தில் நெல்லுச்சோறே பண்டிகைச் சோறு. ஏரிப் பாசனமும் கிணறும் உள்ள இடத்தில் கொஞ்சம் நெல். மேட்டுநிலம் முழுக்கக் கேழ்வரகு, சாமை, கொள்ளு, துவரை. தீபாவளி, பொங்கல், மாரியம்மன் பண்டிகை, வீட்டில் ஒரு கல்யாணம்: வருஷத்தில் அரிசியும் வெல்லமும் எண்ணெயும் ஒன்றாகச் சேர்ந்த நாட்கள் அவ்வளவுதான். அந்த நாட்களில் வயிறு முட்டச் சாப்பிட்டது பேராசையால் அல்ல. அடுத்த நாள் களிக்குத் திரும்பப் போகிறோம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஞாயிறு

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி ஊரில் இன்னும் பேச்சு உண்டு, அதைப் பார்த்தவர் ஒருவரும் இன்று இல்லாவிட்டாலும். 1876 முதல் 1878 வரை. அப்போது தர்மபுரி சேலம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ஆம் தேதிதான். 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 1881-ல் சுமார் 16 லட்சம். பெருக வேண்டிய பத்து வருஷத்தில் இவ்வளவு பேர் குறைந்திருக்கிறார்கள். செத்தவர்களும் உண்டு, ஊரைவிட்டுப் போனவர்களும் உண்டு.

1877-ல் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று முடிவு செய்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். வெயிலில் மண் சுமப்பவனுக்கு அது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் விடாமல் எழுதினார். பருப்பும் வேண்டும் என்றார். சில மாதங்களில் அந்தக் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டிருந்தார்கள்.

இதை ஏன் எடையைப் பற்றிய குறிப்பில் எழுதுகிறேன்? எங்கள் கிழவிகள் வந்தவரைப் பார்த்து முதலில் “எளைச்சுட்டியே” என்று சொல்வதன் பின்னால் இந்த வருஷங்கள் இருக்கின்றன என்று நம்புகிறேன். இளைத்தல் இந்த ஊரில் நோய்க்கும் சாவுக்கும் முந்தின படியாக இருந்திருக்கிறது. உடம்பு பூசினாற்போல் இருந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்று அர்த்தம். அந்தக் கண்ணுக்கு முன்னால் தங்கை மகளின் இரண்டு கிலோ ஒரு நல்ல செய்தி.

அங்கன்வாடியிலும் அதே கண்தான். 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்தார்கள். ஏற வேண்டிய அளவுக்கு எடை ஏறாத குழந்தைக்குத் தனியாகச் சத்துணவு கொடுத்தார்கள். இன்றைக்கும் எங்கள் தெரு அங்கன்வாடியில் அட்டையில் கோடு மேலே போனால் தாயின் முகம் மலர்கிறது. ஒரே ஊர், ஒரே மாதம். ஒரு தராசின் முன் எடை ஏறவில்லையே என்று ஒருத்தி கலங்குகிறாள், இன்னொரு தராசின் முன் ஏறிவிட்டதே என்று இன்னொருத்தி.

செவ்வாய்

இத்தாலியில் படுவாவில் சாந்தோரியோ என்ற மருத்துவர் இருந்தார். ஒரு பெரிய தராசின் கையில் நாற்காலியைத் தொங்கவிட்டு அதில் உட்கார்ந்தே சாப்பிட்டார். உண்டதையும் குடித்ததையும் கழித்ததையும் தன்னையும் முப்பது வருஷம்போல நிறுத்துப் பார்த்தார். 1614-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். உண்டதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போய்விடுகிறது என்பது அவர் கண்டது.

அவர் தன்னை நிறுத்தது தன் உடம்பு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள. அந்த எண்ணில் அவருக்கு வெட்கமோ பெருமையோ இருந்ததாகத் தெரியவில்லை. தராசின் முன் அந்த மனநிலையோடு நிற்கத்தான் ஆசைப்படுகிறேன். ஆர்வத்தோடு, கொஞ்சம் பொறுமையோடு.

தராசுக்குத் தெரியாதது இன்னும் இருக்கிறது. 2004-ல் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்ஞிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் ‘லான்செட்’டில் ஒரு படம் வெளியிட்டார்கள். படத்தில் இருப்பவர்கள் அவர்கள் இருவருமேதான். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்ஞிக் உடம்பில் 21.2. நம்மவர்கள் பார்க்க ஒல்லியாக இருந்தும் வயிற்றுக்குள் கொழுப்பைச் சுமக்கிறவர்கள். அதனால்தான் இந்தியர்களுக்கு அந்த எண் 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25 ஆனால் உடல் பருமன் என்று வரையறை வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். பண்டிகை முடிந்த மறுநாள் மெஷினில் ஏறுவதைவிட, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டெய்லர் டேப்பை இடுப்பில் சுற்றிப் பார்ப்பது நமக்கு நிஜத்தைச் சொல்லும். உப்பும் வெல்லமும் பிடித்துவைத்த நீர் அந்த நாடாவை அவ்வளவாக ஏமாற்றாது.

புதன், ரேஷன் கடை

கேழ்வரகு வந்திருக்கிறது என்று கூட்டம். 2023-ல் நீலகிரியிலும் எங்கள் மாவட்டத்திலும்தான் முதலில் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். வரிசையில் நின்ற அக்கா ஒருவர் சொன்னார்: “களி தின்னா உடம்பு எறங்கிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

டாக்டரம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது, அக்கா நினைத்த விதத்தில் இல்லை. கேழ்வரகு மாவையும் அரிசியையும் எடைக்கு எடை வைத்தால் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் நாரில், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் கால்சியத்தில், ஒரு உருண்டைக் களி வயிற்றில் கிடக்கிற நேரத்தில். நொய்யை வேகவைத்து, மாவைக் கொட்டி, துடுப்பால் கிண்டி உருட்டிய களியைக் கீரைக்கடைசலோடு விழுங்கினால் மத்தியானம் வரை வேறொன்று கேட்காது. அப்புறம் முக்கியமான இன்னொன்று: அந்தக் களியைத் தின்றவர்கள் காட்டில் கொத்தினார்கள், கிணற்றில் ஏற்றம் இறைத்தார்கள்.

அரிசி வந்ததைக் குறையாகப் பேச எனக்கு மனம் வராது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து விலையில்லை. இந்த மாவட்டத்தில் வெறும் வயிற்றோடு படுத்த வீடுகளில் சோறு பொங்கியது அதனால்தான். ஆனால் அரிசி பண்டிகையிலிருந்து இறங்கி அன்றாடத்துக்கு வந்தபோது, வேலை கையிலிருந்து இயந்திரத்துக்கும் நாற்காலிக்கும் போய்க்கொண்டிருந்தது. இப்போது காலையில் இட்லி, மத்தியானம் சோறு, மாலையில் பஜ்ஜியும் சர்க்கரை தூக்கலான டீயும், இரவில் தோசை. பொங்கல் நாலு நாளை நாம் விசாரிக்கிறோம். மீதி முன்னூற்று அறுபது நாளை யாரும் விசாரிப்பதில்லை. எடை அங்கேயும் ஏறுகிறது.

தை அமாவாசை

இன்று ஒருபொழுது. சாயங்காலம் நிதானமாக யோசிக்க நேரம் கிடைத்தது.

தங்கை மகள் போன் செய்தாள். பெங்களூர் போனதிலிருந்து இரவுச் சாப்பாட்டை அடியோடு விட்டுவிட்டாளாம். “பொங்கலுக்குத் தின்னதுக்கு அனுபவிக்கணும்ல பெரியம்மா.” அந்த ‘அனுபவிக்கணும்’ என்னைத் தைத்தது. ஒருபொழுது இருப்பது வேறு, தின்றதற்குத் தண்டனையாகப் பட்டினி கிடப்பது வேறு. விரதத்துக்கு ஒரு நாள் குறித்திருக்கிறது, ஒரு நினைவு இருக்கிறது, மறுநாள் காலை முடிந்துவிடுகிறது. தண்டனைக்கு முடிவு கிடையாது.

அமெரிக்காவில் மினசோட்டாவில், 1944-லும் 45-லும், ஆன்செல் கீஸ் என்பவர் தாமாக முன்வந்த 36 இளைஞர்களைச் சேர்த்து, ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்தார். போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ளத்தான். அவர்கள் எடையில் கால்பங்கு குறைந்தது. நாள் முழுவதும் சாப்பாட்டையே நினைத்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். கட்டுப்பாடு தளர்ந்த பிறகு எவ்வளவு தின்றும் பசி அடங்காமல் தவித்தவர்கள் உண்டு. பட்டினி போட்ட உடம்பு அதை மறக்காமல் வைத்திருந்து, பின்னால் வாங்கிக்கொள்கிறது. இரவுச் சாப்பாட்டை விட்ட பெண் சனிக்கிழமை என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். அதற்கும் அவள் தன்னையே திட்டிக்கொள்வாள்.

“நேரத்துக்குச் சாப்பிடு கண்ணு. உப்பைக் கொஞ்சம் குறை. சாயந்தரம் அரை மணி நட. இந்த மாசம் அந்த மெஷின் பக்கமே போகாதே,” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, சரி என்றாள்.

போனை வைத்தபின் புறநானூற்றின் 235-ஆம் பாட்டை எடுத்துப் படித்தேன். தகடூர் எங்கள் ஊரின் பழைய பெயர். அதை ஆண்ட அதியமான் இறந்தபின் ஔவையார் அழுது பாடியது. கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் எங்களோடு சேர்ந்து குடிப்பான். சோறு சிறிதானாலும் பெரிதானாலும் பல கலங்களில் பகிர்ந்தே உண்பான் என்று நினைத்து நினைத்துச் சொல்கிறாள். போர்களில் வென்றவன் அவன். செத்தபிறகு முதலில் அவளுக்கு நினைவு வந்தது அவனோடு உண்டது. அந்தப் பொழுதுகளில் எவ்வளவு தின்றோம் என்று அவள் எண்ணவில்லை, யாரோடு என்று எண்ணினாள்.

தைப்பூசம் கழிந்து

குமாரசாமிப்பேட்டையில் பெண்கள் வடம் பிடிக்கும் தேருக்குப் போயிருந்தேன். கல்லூரிப் பெண்கள், கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்தவர்கள், என் வயதுக்காரர்கள், என்னைவிட மூத்தவர்கள். ஒல்லியும் உண்டு, பருமனும் உண்டு. தேர் முதலில் நகர மறுக்கும். அப்போது கைவலு போதாது. உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து மொத்தக் கனத்தையும் கயிற்றுக்குக் கொடுக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பருத்த பெண்மணி குதிகாலை ஊன்றிச் சாய்ந்தபோது வடம் விறைத்ததை என் உள்ளங்கை உணர்ந்தது. அவரிடம் சுகர் மாத்திரைப் பை இருந்ததைப் பிறகு பார்த்தேன். நடக்கச் சொல்லியிருக்கிறார்களாம், தினமும் ராமக்காள் ஏரிப் பக்கம் போகிறாராம், மூன்று மாதச் சராசரி சர்க்கரை குறைந்திருக்கிறதாம். எடை குறைந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்னதானப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி, பொரியலை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். பாயசம் வந்தது. அரை டம்ளர் குடித்தார், நானும் குடித்தேன். மாசி பிறந்தால் அவர் ஊரில் புளி உலுக்குவார்களாம். ஆள் பற்றவில்லை, நீயும் வா என்று கூப்பிட்டார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.